கொழந்தைப் பூட்டு

கதவைத் தட்டாதீங்ணா! தட்டுனா அந்தப் பூட்டு அதையும் பதிவு பண்ணிக்கும், அப்பறம் நான் காப்பாத்தி வச்சிருக்கற ஆதாரமெல்லாம் கலைஞ்சு போயிரும். இக்கட்ட வாங்க, இக்கட்ட. சமையக்கட்டு ஜன்னல். ஆமாங்க, இங்கதான். கம்பி வழியாப் பேசிக்கலாம். ஜெயில்ல மனுப் போட்டுப் பாக்க வந்த மாதிரி இருக்குதுங்களா? பரவால்ல, சிரிங்க. நேத்துக் காலையில இருந்து இந்த வராந்தாவுல போறவங்க வாறவங்க எல்லாரும் சிரிச்சுட்டுத்தான் போறாங்க.

யாருங்க நீங்க? கூரியருங்களா? இல்ல? துளசிமணி அனுப்பிச்சாளா? மிஷினை எடுத்துட்டு வரச் சொல்லியா?

அப்படிங்களா.

சரி. வெள்ளகோயில்ல இருந்து குட்டியானை வண்டி எடுத்துட்டு இத்தனை தூரம் திருப்பூர் வந்துருக்கறீங்க. என் சம்சாரத்தோட தையல் மிஷினு, நூல் டப்பா, கத்திரி. வேற ஏதாச்சும் சொன்னாளுங்களா? சேலை துணிமணி? பீரோவுல இருக்கறது? ஒண்ணும் சொல்லலையா? பாத்தீங்களா, அப்பத் தீபாவளி ஆர்டருக்காகத்தான் கேக்கறா. ஐப்பசி பொறந்துட்டா ஜாக்கெட் தைக்கறவளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஆர்டர் முடிஞ்சா மிஷினும் வந்துரும், அவளும் வந்துருவா. உங்களுக்கு என்ன தோணுது? உங்ககிட்டச் சொன்னப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சு? சரி விடுங்க, உங்களைக் கேட்டு என்ன பண்றது. நீங்க வண்டி ஓட்டறவரு.

தாராளமா எடுத்துட்டுப் போங்க. நான் என்ன குறுக்க விழுந்து தடுக்கவா போறேன்? ஆனாக் கதவு திறக்காதுங்களே. கதவுன்னா கதவு இல்லீங்க, பூட்டு. பூட்டுன்னாலும் பூட்டு மேல தப்பு இல்ல. நோவரா எட்டு. அதுதான் எல்லாத்துக்கும் காரணம்.

நோவரா தெரியாதுங்களா? போனுக்குள்ள இருக்கற சிஸ்டம்ங்க. ஓஎஸ்ஸும்பாங்க. போன் வெறும் ஒடம்பு, அதுதான் உசுரு. உங்க கையில என்ன போனு? பட்டன் போனா? அட, குடுத்து வச்ச மனுசன் நீங்க. நோவரா ஏழு வரைக்கும் தங்கமா இருந்துச்சுங்க. அதுக்கப்பறம் எட்டுன்னு ஒண்ணு விட்டாங்க பாருங்க, அன்னைக்குப் புடிச்ச கெரகம் இன்னும் விடல.

இந்தப் பூட்டு இருக்குதே, போன்ல தொட்டாப் பூட்டும், தொட்டாத் திறக்கும், திறந்தா வெளிப்பக்கம் பச்சை லைட் எரியும். நான்தான் ஆன்லைன்ல பாத்து வாங்கி மாட்டுனேன். உள்பக்கம் ஒரு கைப்புடி இருக்குது, திருகுனாத் திறந்துக்கோணும். ஆனா அதுல கொழந்தைப் பூட்டுன்னு ஒரு வசதி வச்சிருக்கறாங்க. அதைப் போட்டுட்டா உள்ள இருக்கறவங்களும் போன்லதான் திறக்கோணும், கைப்புடி சும்மா சுத்தும். சின்னதுங்க கதவைத் திறந்துட்டு ரோட்டுக்கு ஓடாம இருக்கறதுக்காக. நான் அதைப் போட்டு வச்சேன். ஒரு வசதி இருக்குதுன்னா அதைப் போட்டுப் பாக்கோணுமில்லீங்களா? "கொழந்தை இல்லாத ஊட்டுக்கு என்னத்துக்குங்க கொழந்தைப் பூட்டு?"ன்னு துளசி கேட்டா. எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அவ அதை ஒரு மாதிரியாக் கேட்டா. நான், டெஸ்ட் பண்றேன்னு சொன்னேன்.

நேத்துக் காலையில கம்பெனிக்குக் கெளம்பி, சோத்து டப்பாவை ஒரு கையில வச்சுட்டுப் போனைத் தொடறேன். பூட்டு ஆப் திறக்குது, மூடிக்குது. மறுக்காத் தொடறேன், திறக்குது, மூடிக்குது. எட்டுல அதுதாங்க கோளாறு. பேட்டரியை மிச்சம் புடிக்கறேன்னு சொல்லிப் பின்னாடி ஓடிட்டிருக்கற ஆப்பையெல்லாம் கழுத்தைத் திருகிப் போட்டுருது. அதைத்தான் நான் மாசக்கணக்காக் குரூப்ல கத்திட்டு இருக்கறேன். எவன் கேட்டான்?

சாவி இல்லீங்களான்னு கேக்கறீங்களா? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சாவியைப் பத்தி அப்பறம் பேசலாம். முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. நின்னுட்டே இருக்கறீங்களே, அந்தச் செருப்பு ஸ்டேண்டு மேல உக்காருங்க, ஒண்ணும் ஆவாது.

என் பேரு தெய்வசிகாமணி. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில கியூசியா இருக்கறேன். தைச்சு வர்ற பனியன் பீஸைப் புரட்டிப் பாத்து ஓட்டை, கறை, தையல் விட்டது, எதுவா இருந்தாலும் அந்த எடத்துல செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அக்கட்ட எடுத்து வைக்கறது என் சோலி. அம்பு ஒட்டுன பீஸை யாரும் தொடக் கூடாது. டெய்லர் ஓடியாருவான், "குடுங்க சார், ஒரே ஒரு தையல், சரியாப் போயிரும்"பான். குடுக்க மாட்டேன். சரக்கு வாங்கற பையர் தரப்பு ஆளு வந்து அவங்க கண்ணால பாக்கற வரைக்கும் அது அப்படியே கெடக்கோணும். சரி பண்ணிட்டாத் தப்பு நடந்துச்சுன்னு எப்படிக் காட்டறது? நான் அதுல நெம்பக் கறாரு. கம்பெனியில கேட்டுப் பாருங்க.

ஊட்டுலயும் அந்தப் பழக்கம் போவாதுங்க. ஸ்டிக்கர் ரோலு சட்டைப் பையிலயே கெடக்கும். துளசி தைச்ச ஜாக்கெட்ல கைக்குழி சுருங்கியிருந்தா ஒரு அம்பு. குழாய் ஒழுகுனா ஒரு அம்பு. ஒரு தடவை தோசை கருகிப் போச்சுன்னு தட்டு ஓரத்துல ஒண்ணு ஒட்டினேன், தமாசுக்குத்தான். அவ சிரிக்கல. தப்புன்னு ஒரு வார்த்தை நான் வாயைத் திறந்து சொல்லலீங்க. காட்டினேன், அவ்வளவுதான். சொல்றது வேற, காட்டறது வேற இல்லீங்களா? அதை அவ கடைசி வரைக்கும் புரிஞ்சுக்கவே இல்ல. கடைசி வரைக்கும்னா, இது வரைக்கும். வாய் தவறி வந்துருச்சு.

குரூப்பைப் பத்திச் சொல்லோணும். நோவரா வச்சிருக்கற தமிழ் ஆளுங்க எல்லாரும் சேந்து ஒரு குரூப். அதுல ரெண்டு கட்சி. புதுசா வந்துருக்கற டிசைன் அழகா இருக்குது, பழகிக்கோணும்னு ஒரு கட்சி. அழகு யாருக்கு வேணும், போன் முதல்ல உறுதியா நிக்குதா பாரு, சூடாகுது, ஹேங் ஆகுது, தானா அணைஞ்சு எந்திரிக்குதுன்னு இன்னொரு கட்சி. ரெண்டாவது கட்சிக்கு நான்தான் தலைவர்னு வச்சுக்கங்க. ஆனா டிசைனையும் நான் விடல. எட்டுல எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி பண்ணி வச்சிருக்கறாங்க. பின்னாடி இருக்கற படம் தெரியுது, முன்னாடி இருக்கற எழுத்துத் தெரியல. மருதமலை முருகன் படம் வச்சிருந்தேன், முருகன் மூக்கு மேல மணி காட்டுது. அதைவிட மோசம், யாராச்சும் கூப்புட்டா முன்னயெல்லாம் திரை பூராவும் பேரு வரும். இப்ப மேல ஒரு பட்டை, அரைஞாண் கயிறு கணக்கா. கண்ணுல பட்டாப் பட்டுது, இல்லைன்னா இல்ல.

எதிர்க் கட்சிக்கு ஜெயசுதன்னு ஒருத்தன். நாகர்கோவில்காரன், சாப்ட்வேர்ல இருக்கறான். வயசுல சின்னவன், ஆனா வாயி இருக்குதே, அப்பப்பா! "அண்ணே, புது வீட்டுக்குக் குடி போனா சுவிட்சு எங்கன்னு தெரிய நாலு நாள் ஆகத்தான் செய்யும். பழகிருங்க"ன்னு எழுதுனான். நான் விடுவனா? "தம்பி, புது ஊடு நான் கேக்கவே இல்லையே. என் ஊட்டுல நான் கோயிலுக்குப் போயிட்டு வாறதுக்குள்ள என் சுவிட்சை எவன்டா மாத்துனான்? என்னைய ஒரு வார்த்தை கேட்டானா?"ன்னு போட்டேன். அடேயப்பா, குரூப்பே கை தட்டுச்சுங்க. அன்னைக்குப் பொழுதினிக்கும் அதே பேச்சு. எனக்கே என்னைய நெனச்சாப் பெருமையா இருந்துச்சு.

ஜெயசுதன் அதுக்கு என்ன சொன்னான்? "ஒரு போனை வச்சுச் சொன்னா ஒத்துக்க முடியாதுண்ணே, உங்க போனே கோளாறா இருக்கலாம். இன்னொரு போன்ல காட்டுங்க"ன்னான். நாயம்தானுங்க. ஒத்தப் பீஸை வச்சு ஒரு லாட்டையே தள்ள முடியாது, எங்க தொழில்லயும் அப்படித்தான். இன்னொரு சாம்பிள் வேணும். ஊட்டுல இன்னொரு போன் யாருகிட்ட இருக்குது?

துளசிகிட்ட.

அவ போன்ல நோவரா அஞ்சு. அதுக்கு மேல எதையும் ஏத்த உட மாட்டா. காலு பெடல்ல இருக்கும், கண்ணு ஊசியில இருக்கும், சாக்கட்டி மாவு அப்புன கையை நீட்டிப் பாக்காமயே பெருவிரல்ல போனை எடுப்பா, "சொல்லுங்க்கா, கழுத்து எத்தனை எறக்கோணும்?"பா. பாக்கவே வேண்டியதில்ல அவளுக்கு. ஒரு வெள்ளிக்கெழமை அவ கோயிலுக்குப் போயிருந்தா, போன் சார்ஜ்ல கெடந்துச்சு. எட்டைப் போட்டு உட்டுட்டேன். கேட்டாக் குடுக்க மாட்டாளுங்களே, அதான் கேக்கல.

வந்து பாத்துட்டு, "என்ற போன் எங்கங்க?"ன்னா. இதுதான் உன் போனு, மேம்படுத்தியிருக்கறேன்னேன். "பழையபடியே பண்ணிக் குடுங்க"ன்னா. அது முடியாதுங்களே! ஏறிட்டா எறங்க முடியாது. எறங்குனா உள்ள இருக்கறது அத்தனையும் அழிஞ்சிரும், போட்டோ, நம்பரு, அளவு குறிச்சு வச்சது எல்லாம். பொறுமையா வெளக்கிச் சொன்னேன். "அப்ப நான் இனி இதுக்குள்ளயேதான் கெடக்கோணுமா?"ன்னு கேட்டா. ஒரு நல்ல கேள்விங்க அது. அப்படியே எடுத்துக் குரூப்ல போட்டேன், சாதாரணப் பெண்மணி ஒருவரின் குமுறல்னு. நல்ல வரவேற்பு.

தண்ணி குடிக்கறீங்களா? கம்பி வழியா டம்ளர் வராது, பாட்டில்ல குடுக்கறேன். இந்தாங்க. எனக்குச் சாப்பாட்டுக்கு ஒண்ணும் கொறையில்ல. பக்கத்து ஊட்டு அக்கா காலையில உப்புமா குடுத்தாங்க, பாலிதீன் பையில உருட்டிக் கம்பிக்குள்ள நீட்டுனாங்க. பாலும் அப்படித்தான் வருது.

ஆடி மாசம் அது. துளசியோட அம்மா, என் அத்தை, வெள்ளகோயில்ல ஊட்டுக்குள்ளயே மயங்கி உழுந்துட்டாங்க. வாதம் அடிச்சிருச்சு. அவ தம்பி லோகநாதன் ஆஸ்பத்திரியில இருந்து அக்காளுக்குக் கூப்புட்டிருக்கறான். கூப்புட்டிருக்கறான், கூப்புட்டிருக்கறான், மத்தியானம் பூராவும் கூப்புட்டிருக்கறான். இவ இங்க மிஷின்லதான் உக்காந்திருக்கறா, போனு பக்கத்துலயே கெடக்குது. அடிக்கலீங்க! எட்டுல புதுசா ஒண்ணு கொண்டாந்திருந்தாங்க, வேலைக்கு நடுவுல தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அதுவே முடிவு பண்ணி அழைப்பையெல்லாம் சத்தமில்லாம ஒரு மூலையில சேத்து வச்சிரும். பட்டைகூட வரல. கொலைகாரத்தனம் இல்லீங்களா இது?

எனக்கு யாரும் கூப்புடல. என் நம்பருக்குக் கூப்புட்டா அது போகவே போகாது, நான்தான் டெஸ்ட்டுக்காக அடிக்கடி எதையாச்சும் அணைச்சு வச்சிருப்பனே, அது லோகநாதனுக்குத் தெரியும். சாயங்காலம் ஊட்டுக்கு வந்து வழக்கம் போல அவ போனை எடுத்து அன்னைய கோளாறுகளைப் பாக்கறேன். மூலையில அத்தனை அழைப்பும் வரிசையாக் குமிஞ்சு கெடக்குது. லோகநாதன், லோகநாதன், லோகநாதன். ஒடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அவகிட்டக் காட்டினேன்.

என்னங்க? ஆமாங்க, எடுத்துட்டுத்தான். ஒரு நிமிசம்கூட ஆவாது அதுக்கு. காட்டுனா அவ தொட்டுருவா, தொட்டா அந்த வரிசை கலைஞ்சிரும். நீங்களும் அவளை மாதிரியே பாக்கறீங்க.

கார் புடிச்சுட்டு ஓடுனோம். அத்தை மத்தியானம் பூராவும் பேசிட்டுத்தான் இருந்தாங்களாம், வாயி ஒரு பக்கம் கோணிக்கிட்டாலும். "மணி வந்துட்டாளா, மணி வந்துட்டாளா"ன்னு இவளைக் கேட்டுட்டே இருந்தாங்களாம். நாங்க போறதுக்குச் செத்த முந்தித்தான் பேச்சு நின்னுச்சு. இவ போய்க் கையைப் புடிச்சா. அவங்க பாத்தாங்க. அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் பேச்சு வரல.

நான் வராந்தாவுல உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரியில நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்க? அந்த ஸ்கிரீன்ஷாட் படத்துல செவப்பு அம்பு போட்டு குரூப்புக்கு அனுப்பினேன். ஜெயசுதன் பக்கம் பேசிட்டிருந்தவனுங்க பாதிப் பேரு என் பக்கம் வந்துட்டாங்க. அன்னைக்கு நான் ஜெயிச்சேனுங்க. ஜெயிச்சேன்.

அதுதான் வினையாப் போச்சு. லோகநாதனுக்குத் தெரிஞ்ச ஒருத்தன் அந்தக் குரூப்ல இருந்திருக்கறான். படத்தை அவனுக்கு அனுப்ப, அவன் அக்காளுக்குக் காட்ட. துளசி சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. "எங்கம்மாவுக்கு வாயி போனது உங்களுக்கு ஒரு பாயிண்டாங்க?"ன்னு கேட்டா. நான் உனக்காகத்தானே போராடறேன் துளசின்னேன். நெசமாத்தான் சொன்னேன். அவளுக்கு நடந்தது நாளைக்கு இன்னொருத்திக்கு நடக்கக் கூடாதில்லீங்களா? இந்த மனசை அவ பாக்கல. அம்மாவைப் பாத்துக்கோணும்னு அங்கயே இருந்துட்டா. போனைத் தம்பிகிட்டக் குடுத்து அனுப்பிட்டு, உங்களை மாதிரியே ஒரு பட்டன் போன் வாங்கிட்டா. புது நம்பரு. எனக்குத் தெரியாதுங்க. லோகநாதனைக் கேட்டா, "அக்காகிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க மாமா"ங்கறான். இன்னும் கேட்டுட்டே இருக்கறான் போல.

போகாம இருப்பனுங்களா? போனேன். அத்தைக்குக் கஞ்சி ஊட்டிட்டு இருந்தா. வாங்கன்னா. காப்பி குடுத்தா. நான் நல்ல சேதியாச் சொல்லலாம்னு, எட்டு புள்ளி ஒண்ணு வரப் போவுது துளசி, எல்லாத்தையும் சரி பண்ணிருவாங்க, நீ பழையபடி போனை வச்சுக்கலாம்னேன். டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டா. நான் காப்பியைப் பாதிதான் குடிச்சிருந்தேன்.

சாவியா? விட மாட்டீங்க போல.

இருக்குதுங்க. இந்தா, சட்டைப் பையிலதான் இருக்குது. துளசி ஊசி டப்பாவுல போட்டு வச்சிருந்தா. இந்தப் பூட்டை வாங்குன அன்னைக்கே, "போனை நம்பிக் கதவைச் சாத்தாதீங்க, சாவி இங்க இருக்குது"ன்னு சொன்னா. சாவித் துவாரம் வெளிப்பக்கம், நீங்க நிக்கற பக்கம், மூடிக்கு அடியில. நான் நீட்டுனா நீங்க திறந்துரலாம். ஆனா நீட்ட முடியாதுங்களே! சாவி போட்டுத் திறந்தாப் பூட்டு உள்ள இருக்கற பதிவையெல்லாம் அழிச்சிட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சிரும். இது பூட்டுக் கம்பெனித் தப்புன்னு ஜெயசுதன் சொல்றான், ஓஎஸ் தப்புன்னு நான் சொல்றேன். நோவரா ஆளுங்களே பாக்கறோம், அப்படியே வைங்கன்னு பதில் போட்டிருக்கறாங்க. அதோ உள்ள பாருங்க, கதவுல அம்பு ஒட்டியிருக்கறேன். அம்பு ஒட்டுனதைத் தொடலாங்களா? நேத்தெல்லாம் எத்தனை பேரு சாவியைக் கேட்டாங்க தெரியுமா? ஒருத்தருக்கும் குடுக்கல.

உங்க போனுங்க. அடிக்குது பாருங்க. என்னா சத்தம், என்னா சத்தம்! அடிச்சாப் போனுன்னா இப்படி அடிக்கோணும். எடுங்க, எடுங்க. யாரு?

துளசியா?

ஸ்பீக்கர் போடுங்ணா. போட்டு இந்த ஜன்னல்ல வைங்க. செத்த நேரம், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

துளசி. நான்தான். ம்... சாப்பிட்டேன். உப்புமா. ... பக்கத்து ஊட்டு அக்கா. ... இல்ல, கதவு வந்து... ம். ... ஆமா, ஊசி டப்பாவுலதான் இருந்துச்சு. எடுத்துட்டேன். ... கையிலதான் இருக்குது. ... குடுக்கறேன், குடுக்க மாட்டேன்னு சொல்லலையே. ... அத்தைக்கு எப்படி இருக்குது? ... கை அசையுதா? பேச்சு? ... ம். ... துளசி, ஒரே ஒரு விசயம், வச்சிராத. எட்டு புள்ளி ஒண்ணு இன்னைக்கு உடறாங்களாம். அந்த அழைப்புப் பட்டையைப் பெருசு பண்ணிட்டாங்க, சத்தமும் அவங்களா நிறுத்த மாட்டாங்க. நான் சொன்னதைத்தான் கேட்டிருக்கறாங்க. நீ வந்தீன்னா உன்ற போனை நானே... துளசி? துளசி?

வச்சுட்டாளுங்களா? சிக்னல் போயிருக்குமா? இல்ல, பட்டன் போன்ல சிக்னல் அப்படிப் போவாதுங்களே.

கொரலு கொஞ்சம் தேஞ்சிருக்குது. தூங்கறதில்ல போல. ஆடிக்கு அப்பறம் அந்தக் கொரலை இன்னைக்குத்தான் இத்தனை நேரம் கேக்கறேன். சாப்பிட்டீங்களான்னு முதல்ல கேட்டா, கவனிச்சீங்களா? வேண்டாம்னு நெனைக்கறவ அப்படிக் கேப்பாளா?

எனக்குப் பயமா இருக்குதுங்ணா. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க வேத்து ஆளு. அதோ, கூடத்து ஓரமா வெளிச்சம் விழுகற எடத்துல, அதுதான் அவ மிஷினு. அன்னைக்கு நான் போனைக் காட்டுனப்ப எந்திரிச்சவதான். ஊசிக்கு அடியில துணி அப்படியே மாட்டிட்டு இருக்குது, அரக்குக் கலரு, பாதி கைக்குழி. நான் தொடல. ஒரு எடத்துல தையல் கோணலாப் போயிருக்குது, தெனமும் பாக்கறேன். ஸ்டிக்கர் ஒட்டல. இது இங்க இருக்கற வரைக்கும் அவ வருவா. வந்துதானே ஆவோணும், தைக்கறதுக்கு? அது எறங்கிப் படியில போயிருச்சுன்னா அவளுக்கு இங்க வாறதுக்கு என்னங்க இருக்குது? நான் இருக்கறேன், சரி. நான் இருந்து?

இருங்க, போன் அதிருது. குரூப்பு. ஜெயசுதன் போட்டிருக்கறான். "அண்ணே, எட்டு புள்ளி ஒண்ணு இறங்கிருச்சு. குறிப்புல அவங்களே ஒத்துக்கிட்டாங்க, பூட்டு ஆப் மூடறது ஓஎஸ் தப்புதான். நீங்க சொன்னதுதான் சரி. மன்னிச்சுருங்கண்ணே." படிக்கறீங்களா? நல்லாப் பாருங்க! நாகர்கோவில்காரன் மன்னிப்புக் கேக்கறானுங்க! அத்தனை பேரும் கை தட்டறாங்க பாருங்க, மேல மேல வருது! துளசி, ஏ துளசி, இங்க வா, இதைப் பாரு...

ஒண்ணுமில்லீங்க. பழக்கம்.

ஏத்திட்டேன். ஏறுது. அணைஞ்சு எந்திரிக்குது. பூட்டு ஆப்பைத் தொடறேன். மூடல. நிக்குது பாருங்க, மலை மாதிரி நிக்குது. கொழந்தைப் பூட்டைக்கூட எடுக்க உடுது. இப்பத் திறக்கறதைத் தொட்டா...

சத்தமா? என்ன சத்தம்? அது பிரிட்ஜுங்க. அப்பப்ப அப்படிக் கிர்ருன்னு சுத்திட்டு டக்குனு நிக்கும்.

பச்சை லைட்டா? வெளிய பச்சை லைட் எரியுதுங்களா? ஓ. அது சும்மாவும் எரியும். எந்திரிக்காதீங்க. தண்ணி இன்னும் குடிக்கலையே நீங்க. அண்ணா, கதவுப் பக்கம் போகாதீங்க. ஏனுங்க, சொன்னாக் கேளுங்க, தள்ளாதீங்க! தள்ளாதீங்ணா!

டக்.

பாத்தீங்களா? மறுக்காப் பூட்டிக்குச்சு. நான் சொல்லல? எட்டு புள்ளி ஒண்ணும் சரியில்லீங்க, உறுதியா நிக்க மாட்டேங்குது. என்ற வெரலா? வெரலு சும்மாதான் இருந்துச்சு, போன் மேல படவே இல்லீங்க. சாவியை இப்பக் குடுக்கக் கூடாது, புதுசா ஒரு கோளாறு வந்துருக்குது, இதையும் அவங்க பாக்கோணும்.

நீங்க கெளம்புங்க. பொழுதாயிருச்சு, வெறும் வண்டிதானே, வெரசாப் போயிரலாம். துளசிகிட்டச் சொல்லிருங்க, கதவு திறக்கலைன்னு. நீங்களே கண்ணால பாத்தீங்கன்னு சொல்லுங்க. நம்பலைன்னா அவளையே வந்து பாக்கச் சொல்லுங்க.